கார் டயரோடு வந்தவர்

டயர் மாட்டும் வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்த சமயம். ஒருவர் பெரிய டூரிங் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்து வந்தார். கூடவே புத்தம் புதிய கார் டயர் ஒன்று. "இந்த ரிம்மில் இதை மாட்டிக் கொடுங்கள் தம்பி" என்றார். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "முதல் வளைவிலேயே விழுந்துவிடுவீர்கள் சார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் வாதாடவில்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்து அதே பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் அதே கார் டயர். வேறு எங்கோ மாட்டியிருக்கிறார். அதில் 28,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். குனிந்து பார்த்தேன், பட்டன் இன்னும் நன்றாகவே மிச்சம் இருந்தது. "முன் டயர் போய்விட்டது. பைக் டயர்தான் வேண்டும், மாட்டுவாயா?" என்று கேட்டார். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. நான் அவரிடம் சொன்னது பொய்யாகிப் போயிருந்தது. அவரைப் பயமுறுத்தச் சொன்னதல்ல, நம்பித்தான் சொன்னேன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லியிருக்கிறேன் என்பது அதன் பிறகு வெகுநாள் உறுத்தியது.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலம் பேசும் பைக்காரர்கள் இதற்கு 'டார்க் சைட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஹோண்டா கோல்ட்விங் மாதிரியான கனமான வண்டிகளில்தான் இது அதிகம். ஆளில்லாமல் நின்றாலே ஏறக்குறைய 400 கிலோ. பின்னால் ஒருவர், பெட்டி நிறையச் சாமான், நாள் முழுக்க நெடுஞ்சாலை. இப்படி ஓடினால் பின் டயர் 15,000 கிலோமீட்டருக்குள் நடுவில் மொட்டையாகிவிடும். கார் டயர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடும், விலையும் பெரும்பாலும் குறைவு. எடை தாங்கும் கணக்கும் அவர்கள் பக்கம்தான். 2018-க்கு முந்தைய கோல்ட்விங்கின் 180/60 ஆர் 16 பின் டயரில், எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் 74 என்ற எண் இருக்கும். அதாவது 375 கிலோ. அதற்குப் பதிலாக மாட்டப்படும் 195/55 ஆர் 16 கார் டயரில் 87 என்று இருந்தால் அது 545 கிலோ. விட்டத்தைக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. இந்த அளவை அவர்கள் தேடிப் பிடித்ததற்கு இதுதான் காரணம். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன் ஃப்ளாட் வகையும் கார் டயரில் கிடைக்கிறது. இரண்டே சக்கரத்தில் ஊர் ஊராகப் போகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு. "உங்கள் பைக் டயரும் நடுவில் தேய்ந்து தேய்ந்து கடைசியில் சதுரமாகத்தானே ஆகிறது?" என்பார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. தேய்ந்த டயரோடு வரும் வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வளைவில் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் இருக்கும். அது உண்மைதான்.

முன் டயர் மாட்டி முடித்ததும் அவரிடமே கேட்டேன்: "ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா சார்?" சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

நேர்ச் சாலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சொல்லப்போனால் மெத்தென்று போனது. முதல் திருப்பத்தில்தான் தெரிந்தது. வண்டியைச் சாய்க்கிறேன், அது நிமிரப் பார்க்கிறது. ஹேண்டில்பாரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, கொஞ்சம் தளர்த்தினால் வளைவிலிருந்து வெளியே போகத் தொடங்கியது. சாலையில் நீளவாக்கில் ஒரு மேடு, தார் ஒட்டுப் போட்ட இடம். அதன்மேல் ஏறியபோது பின்பக்கம் யாரோ இடித்தது மாதிரி ஒதுங்கியது. பயந்துபோனேன் என்பதுதான் நிஜம்.

ஏன் அப்படி என்பது டயரின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு காசைச் சாய்த்து உருட்டினால் அது தானாக வட்டமடிக்கும். வட்டமான முதுகுள்ள பைக் டயரும் சாய்ந்த பக்கம் அப்படித்தான் திரும்புகிறது. எவ்வளவு சாய்த்தாலும் தரையில் படும் இடம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும். கார் டயரின் முதுகு தட்டை, ஏனென்றால் கார் சாய்ந்து திரும்புவதில்லை. பைக்கோடு சேர்த்து அதைச் சாய்த்தால் நடுப்பகுதி எழும்பி, பாரம் முழுக்க ஒரு பக்கத் தோள் விளிம்புக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அது வண்டியை நிமிர்த்தத் தள்ளுகிறது. பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதால்தான் ஓரளவு ரப்பர் தரையில் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் இதை ஓட்டுகிறவர்கள் காற்றை 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் குறைத்துச் சரியான அளவைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். சைடு கார் பூட்டிய பைக்குக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் இந்தத் தொல்லை இல்லை, அவை சாய்வதில்லை. அவற்றுக்குக் கார் டயர் பொருந்துகிற தீர்வுதான்.

"பழகிவிடும்" என்றார் அவர். பழகும்தான், அவருக்குப் பழகியிருந்தது. ஆனால் வளைவின் பாதியில் எதிரே ஏதாவது வந்து, இன்னும் கொஞ்சம் சாய்த்தாக வேண்டும் என்று வரும் அந்த ஒரு நொடியைப் பழகிக்கொள்ள வழி இல்லையே. என் கவலை அங்கே இருக்கிறது.

இன்னொரு கவலை டயர் மாட்டுகிறவனுடையது. இதை ஓட்டுகிறவர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. இரண்டிலும் 16 என்று போட்டிருப்பதால் ரிம்மும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். பைக் ரிம்மில் 'எம்டி' என்று பொறித்திருக்கும், கார் ரிம்மில் 'ஜே' என்றிருக்கும். பீடு, அதாவது உள்ளே கம்பி வைத்த டயரின் உள்விளிம்பு, உட்காரும் இடத்துக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இரண்டிலும் தனித்தனி வடிவக் கணக்கு. அந்த 195 டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் வேண்டும், அந்தக் கோல்ட்விங்கின் பின் ரிம் 5 அங்குலம். கார் டயர்களின் பக்கச்சுவரில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்: பீடு உட்கார வைக்க 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றாதே என்று.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அனுபவசாலியான ஒரு அண்ணன் இதே வேலையை எடுத்துக்கொண்டார். 40 வந்தது, ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தது. சோப்புத் தண்ணீர் இன்னும் தடவினார். 50 ஆயிற்று. மறுபக்கம் ஒரு கை அளவு இடம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அவர் குனிந்து அந்த இடத்தைக் கையால் தட்டிக்கொண்டே காற்றை ஏற்றினார். "அண்ணே, விட்டுடுங்க" என்று அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். 60 தாண்டியதும் வெடிபோல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பீடுக் கம்பி அறுந்திருந்தால் அவர் முகமும் கையும் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உட்கார்ந்த பிறகும் அந்தக் கம்பி உள்ளே நல்லபடியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. பார்க்க முடியாத ஒன்றுக்கு 'சரி' என்று சொல்லிச் சக்கரத்தைக் கொடுக்க வேண்டும். அன்று அவர் கொடுத்தார். எனக்கு அது முடியாது.

இப்போதும் கார் டயரோடு யாராவது வருவதுண்டு. "விழுந்துவிடுவீர்கள்" என்று நான் சொல்வதில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் விழாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் வந்து சொல்லப் போவதில்லை. டயர் செய்தவர் இந்த ரிம்மை நினைத்துச் செய்யவில்லை, ரிம் செய்தவர் இந்த டயரை நினைத்துச் செய்யவில்லை, இரண்டையும் சேர்த்துவிட்டால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை, அதனால் என் கையால் மாட்ட மாட்டேன் என்று சொல்கிறேன். அப்புறம் அவர்கள் வண்டியைப் பற்றிக் கேட்பேன். பாதிப் பேருக்கு உண்மையான பிரச்சினை பின் டயர் காற்று குறைந்தே ஓடிக்கொண்டிருப்பது. காற்றைச் சரியாக வைத்து, நடுவில் கெட்டியாகவும் ஓரங்களில் மென்மையாகவும் இரட்டை ரப்பரில் செய்த டூரிங் டயரைப் போட்டால் முன்னைவிட நன்றாகவே உழைக்கிறது. கார் டயர் அளவுக்கு வராதுதான். அதையும் சொல்லிவிடுவேன்.

அந்தப் பழைய மனிதர் இன்னும் வருகிறார். பின்னால் கார் டயர்தான், இப்போது இரண்டாவது. அதை மாட்டச் சொல்லி என்னிடம் அவர் கேட்பதில்லை, முன் டயருக்கு மட்டும் என்னிடமே வருகிறார். போன தடவை வேலை முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பின்சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தேன். தோள் விளிம்பு இரண்டையும் பக்கச்சுவரையும் சுற்றிவரப் பார்த்தேன். வெடிப்பு எதுவும் இல்லை. காற்றை அளந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.