டயட்டீஷியன் முதுமாணி: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

விண்ணப்பம் போட முதலே பலர் சறுக்கும் இடம் பாடநெறியின் பெயர். பிரித்தானியாவில் 'மனித போசணை' முதுமாணியை ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு டயட்டீஷியனாக, அதாவது நோயாளிக்கு உணவுத் திட்டம் போடுபவராக, வேலை செய்ய முடியாது. அங்கே 'டயட்டீஷியன்' சட்டத்தால் காக்கப்பட்ட பதவிப்பெயர், எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழிலாளர் பதிவுச் சபையில் பதிவுள்ளவர்தான் போடலாம். அந்தப் பதிவுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இரண்டு வருட டயட்டெடிக்ஸ் முதுமாணி. அனுமதி பெற்ற பாடநெறிகளின் பட்டியல் எச்.சி.பி.சி. இணையத்தளத்திலேயே உண்டு. ஏஜென்சிக்காரர் நீட்டும் பளபளப்பான கைநூலை மூடிவைத்துவிட்டு அந்தப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

அடுத்தது அடிப்படைப் பட்டம். உயிர் இரசாயனமும் மனித உடற்றொழிலியலும் படித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பெறுபேற்றுத் தாளில் பாடத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. என்னென்ன தலைப்புகள், எத்தனை மணித்தியாலம் என்று சொல்லும் பாடத்திட்ட விபரமும் வேண்டும். விவசாயப் பட்டதாரிகளுக்கு இங்கேதான் சிக்கல்: விலங்கு உடற்றொழிலியலை மனித உடற்றொழிலியலுக்குப் பதிலாக எல்லா இடமும் ஏற்காது. பீடத்திலிருந்து கையொப்பத்துடன் விபரம் எடுக்க வாரக்கணக்காகும், அதை முதலில் தொடங்குங்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் பெரும்பாலும் 7 கேட்கிறார்கள், சாதாரண முதுமாணிகளை விடக் கூட.

தடுப்பூசியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதும் வழக்கமான பிழை. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காக ஹெபடைட்டிஸ் பி (ஈரல் அழற்சி) தடுப்பூசி கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. வழமையான அட்டவணை 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. பிறகு ஒன்று இரண்டு மாதம் கழித்துத்தான் எதிர்ப்புடல் அளவைப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டால் எட்டு மாதம் போய்விடும். வீசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் நிற்கவேண்டும். மாமா ஒரு நாளைக்குப் போட்டு எடுத்துத் தந்த காசு உதவாது.

இனிப் படிப்பு. புள்ளிவிபரவியலும் ஆய்வறிக்கையும் எல்லா முதுமாணியிலும் உள்ளவைதான், சமாளிக்கலாம். உண்மையில் ஆளை உலுப்புவது ஆஸ்பத்திரி வாட்டில் போடும் கணக்கு. ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

52 கிலோ எடையுள்ள ஒருவர், பக்கவாதம், விழுங்க முடியாது, மூக்குக் குழாயால் உணவு. கிலோவுக்கு 25 கிலோகலோரி என்று எடுத்தால் நாளுக்கு 1300. ஒரு மில்லிலீற்றரில் 1 கிலோகலோரி உள்ள திரவ உணவென்றால் 1300 மில்லிலீற்றர். 20 மணித்தியாலத்துக்குப் பம்பில் ஓடவிட்டால் மணிக்கு 65. பலர் இதோடு பேனையை மூடிவிடுவார்கள். புரதத்தைப் பாருங்கள்: கிலோவுக்கு 1.2 கிராம் வைத்தால் 62 கிராம் தேவை. லீற்றருக்கு 40 கிராம் உள்ள உணவு 52 கிராம்தான் தரும். பத்துக் கிராம் குறைகிறது, ஆகவே புரதம் கூடிய உணவுக்கு மாறவேண்டும். நீருக்கும் இதே கதை. கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்றால் 1560 வேண்டும். 1300 மில்லிலீற்றர் உணவில் தண்ணீர் ஏறத்தாழ 1090தான், மிச்சம் உணவின் திண்மம். மீதி 470ஐக் குழாய் கழுவும் தண்ணீராகவும் மருந்தோடு போகும் தண்ணீராகவும் பங்குபோட்டு எழுதவேண்டும். இதை எழுதாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் சோடியம் ஏறி நிற்கும். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பம்பை நிறுத்தினால் நான்கு மணித்தியாலத்தில் 260 கிலோகலோரி போய்விடும். ஆகவே எழுதிக் கொடுத்த அளவை நம்பாமல், உண்மையில் உள்ளே போன அளவைத் தாதியின் பதிவில் பார்க்கப் பழகவேண்டும்.

இதே ஆள் பத்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தவர் என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்புக்கு மாப்பொருள் திடீரென்று வந்தால் இன்சுலின் எகிறும், பொசுபேற்றும் பொட்டாசியமும் மக்னீசியமும் இரத்தத்தை விட்டுக் கலங்களுக்குள் இழுபடும், இதயத் துடிப்பே பிசகும். ஆகவே முதல் நாள் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மேல் போகக்கூடாது: 520, மணிக்கு 26 மில்லிலீற்றர். உணவு தொடங்கமுன் தயமின் (விற்றமின் பி1) கொடுத்திருக்க வேண்டும், நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம். பரீட்சையில் 'எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை' என்று கேட்க மறந்து நேரே 1300 எழுதினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பயிற்சிக் காலம் குறைந்தது 1000 மணித்தியாலம். அங்கே மதிப்பெண் விழுவது பெரும்பாலும் உணவு வரலாறு எடுப்பதில். 'ஸ்குவாஷ்' என்று கிழவி சொன்னால் அது பூசணிக்காய் இல்லை, தண்ணீர் கலந்து குடிக்கும் பழச்சாறு. வீட்டாபிக்ஸ் என்ற கோதுமைக் காலையுணவு பிஸ்கட் ஒன்றில் ஏறத்தாழ 13 கிராம் மாப்பொருள். இப்படி அவர்கள் சாப்பாட்டைப் போய்க் கற்கலாம். கேட்கும் முறையைப் போகமுன் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம்.

மாமியிடம் கேட்டுப் பாருங்கள். "தேத்தண்ணிக்குச் சீனி போடுறல்ல மகள்" என்பார், அது உண்மைதான். கையில் வைத்துக் கடிக்கிற பனங்கட்டியைச் சொல்லமாட்டார், ஏனென்றால் நீங்கள் கேட்டது சீனியை. 'தேத்தண்ணியோட என்ன கடிப்பீங்க?' என்று கேட்டால்தான் வெளியே வரும். பத்தியத்தையும் அப்படித்தான் கேட்டெடுக்க வேண்டும்: மீனை நிறுத்தியது வைத்தியர் சொல்லியா, அக்கம்பக்கத்தார் சொல்லியா? காத்தான்குடிப் பக்கம் நோன்பு காலத்தில் இன்சுலின் போடுபவரிடம் சஹருக்கு (விடியமுன் சாப்பாட்டுக்கு) என்ன, நோன்பு திறக்கக் கஞ்சி எத்தனை கோப்பை, பேரீச்சம்பழம் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்பவர், பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர், 'இளநீர்தானே, குளிர்ச்சி' என்று குடிக்கும் 300 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 750 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது.

ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, ஒரு மாதம் வீட்டுச் சாப்பாட்டை நிறுத்துப் பாருங்கள். ஒரு சுண்டு அரிசி 200 கிராம் அளவில் வரும், அதில் மாப்பொருள் ஏறத்தாழ 155 கிராம். பானையில் இரண்டு சுண்டு போட்டு மூன்று பேர் சாப்பிட்டார்கள் என்றால் 310ஐ மூன்றால் பிரிக்கக்கூடாது. வயலுக்குப் போகிற மகனின் கோப்பையையும் மாமியின் கோப்பையையும் தனித்தனியே தராசில் வையுங்கள்.