எல் நினோவும் காவிரிக்கு வரும் இரண்டு மழைகளும்

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ உருவாகிறது என்ற செய்தி வந்தவுடன், இந்த ஆண்டு மழை பொய்க்கும் என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுக்கு அது பாதி உண்மைதான். தென்மேற்குப் பருவமழையை நலிவுறச் செய்யும் அதே கடல் மாற்றம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் வலுச் சேர்க்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை அந்த மூன்று மாதங்களில் பெறும் மாநிலத்தில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், இயல்பான ஆண்டுகளில், கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று சூடான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்தே நிற்கும். பெரு நாட்டின் கரையோரத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. மேற்கே சூடான நீரின் மீது காற்று மேலெழுந்து மழையாகப் பொழிய, கிழக்கே குளிர்ந்த நீரின் மீது காற்று கீழிறங்க, இந்தச் சுழற்சி வியாபாரக் காற்றை மேலும் வலுப்படுத்துகிறது. அந்தக் காற்று ஏதோ ஒரு காரணத்தால் தளரும்போது, குவிந்திருந்த வெப்பநீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. கிழக்கு மேற்கு வெப்பநிலை வேறுபாடு குறைகிறது. அதனால் காற்று இன்னும் தளர்கிறது. இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டியே அறியும் முயற்சியில் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கிடையிலான காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். அந்த ஊசலாட்டமும் பசிபிக்கின் வெப்பமும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை 1969-இல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

எல் நினோ ஆண்டில் மழைமேகங்கள் பசிபிக்கின் நடுப்பகுதிக்கு இடம்பெயர்வதால், இந்தோனேசியாவிலும் இந்தியாவின் மீதும் காற்று கீழிறங்கும் போக்கு மிகுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை குறைகிறது. அக்டோபருக்குப் பின் நிலைமை மாறுகிறது. மழைமேகப் பட்டை அப்போது தெற்கே நகர்ந்து நம் அருகில் இருக்கும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகியிருக்கும். கிழக்கிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கையையும் தென் தீபகற்பத்தையும் கடந்து அந்தப் பக்கம் செல்லும். இதே காலத்தில் கென்யாவிலும் சோமாலியாவிலும் மழை மிகுவதற்கும் காரணம் இதுதான்.

எல் நினோ நிலவிய 2023-ஆம் ஆண்டு இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட், இந்தியா முழுமைக்கும் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. காவிரி பிறக்கும் குடகில் மழை குறைந்தது, மேட்டூருக்கு நீர் வரவில்லை, டெல்டாவில் குறுவை கருகியது. அக்டோபரிலேயே பாசனத்துக்கான நீர்த்திறப்பு நிறுத்தப்பட்டது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கழித்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு தனிப் பெருமழையை எல் நினோவின் கணக்கில் எழுதிவிட முடியாது. பருவம் முழுவதற்குமான வாய்ப்பைத்தான் அது ஒரு பக்கம் சாய்க்கிறது. 2015-இன் வலுவான எல் நினோவில் நாடு 14 விழுக்காடு மழைப் பற்றாக்குறையைச் சந்தித்தபோது, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெய்தது. மறுஆண்டு பசிபிக் குளிர்ந்தது, இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதி சூடேறியது. வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. 2021-இல் பசிபிக் குளிரும் எதிர்நிலையான லா நினா நிலவியபோதும் இங்கே மழை மிகுந்தது. ஒரு பருவத்துக்குள் வங்கக் கடலில் எத்தனை தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன, அவை எந்தக் கரையை நோக்கி நகர்கின்றன என்பதை எல் நினோ மட்டும் தீர்மானிப்பதில்லை.

உழவருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. பசிபிக்கின் போக்கைக் கணிக்கும் மாதிரிகள் மார்ச் முதல் மே வரை மிகவும் தடுமாறுகின்றன. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது பற்றிய முடிவும் குறுவைக்கான ஆயத்தமும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன. ஆகஸ்ட் மாதத்தில் கணிப்பு ஓரளவு உறுதிப்பட்டுவிடுகிறது. ஆகவே சம்பாவுக்கு எந்த வயதுள்ள நெல் இரகத்தைத் தேர்வது, நேரடி விதைப்பா நாற்று நடவா, வடிகால்களை எப்போது தூர்வாருவது என்பவற்றை முடிவு செய்யும்போது பசிபிக்கின் நிலவரத்தையும் வேளாண் அலுவலர்கள் உழவர்களுக்குச் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது குடகின் மழை வேறு, கடற்கரையின் மழை வேறு என்று பிரித்தே சொல்ல வேண்டும்.