ஒரு படகு, இரண்டு புயல், இரண்டு டிடக்டிபிள்

புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எனக்கு ஒரு முப்பதடி பாய்மரப் படகு இருக்கிறது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையைக் கடந்தது எங்களுக்கு வெகு வடக்கே, பெர்ரி பக்கம். எங்கள் பக்கம் காற்றைவிடக் கடல்தான் மோசம். டாம்பா விரிகுடாவில் ஆறடிக்கு மேல் தண்ணீர் ஏறியது.

மறுநாள் மதியம் படகு கட்டியிருக்கும் மரீனாவுக்குப் போனேன். படகு மிதந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இரவெல்லாம் சிப்பி ஒட்டிய மரத்தூணில் உரசியதில், இடது பக்கத்தின் வெள்ளைப் பூச்சு போய் உள்ளே கண்ணாடியிழை நார் நாராகத் தெரிந்தது. தளத்தின் ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகளில் மூன்று உள்பக்கமாக வளைந்திருந்தன. அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து நாற்பது படங்களாவது எடுத்திருப்பேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் எடுத்தவைதான் அவை.

அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னேன். பாலிசியில் புயல் சேதத்துக்கு 10 சதவீத டிடக்டிபிள், அதாவது முதலில் என் கையிலிருந்து போக வேண்டிய பங்கு, என்று இருந்தது எனக்கு ஞாபகம். சேதத்தில் 10 சதவீதத்தை நான் போட வேண்டும், மீதியை அவர்கள் தருவார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது தவறு. அந்த 10 சதவீதம் படகின் காப்பீட்டு மதிப்பில். என் படகு 40,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டது, ஆகவே முதல் 4,000 டாலர் என்னுடையது. சாதாரண விபத்து என்றால் 500 டாலரோடு போயிருக்கும்.

எங்கள் ஊரில் அவ்வளவு காற்றே இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். அது கணக்கில் வராது என்றார்கள். என் பாலிசியில் இருக்கும் சொல் ‘பெயரிடப்பட்ட புயல்’. தேசிய சூறாவளி மையம் பெயர் வைத்த புயலால் சேதம் என்றால் போதும். மணிக்கு 39 மைல் காற்று வந்தாலே பெயர் வைத்துவிடுவார்கள். சில பாலிசிகளில் ‘ஹரிகேன்’ என்று மட்டும் இருக்கும். அதற்கு 74 மைல் வேண்டும். இந்த ஒரு சொல்லில் ஆயிரக்கணக்கான டாலர் அடங்கியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

டிடக்டிபிளை 5 சதவீதமாக மாற்றலாமா என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த புயல் மில்டன் வந்துவிட்டது. புயல் வளைகுடாவில் இருக்கும்போது பாலிசியில் எதையும் மாற்ற மாட்டார்கள். படகைக் கரையேற்றலாம் என்றால், படகுகளைக் கரையில் வைத்துப் பழுதுபார்க்கும் யார்டுகளில் இடமில்லை. அக்டோபர் 9 இரவு மில்டன் எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. இந்த முறை எல்லாமே தலைகீழ். காற்று விரிகுடாவின் தண்ணீரை வெளியே தள்ளியது, படகு தரைதட்டிச் சாய்ந்து சுக்கான் உடைந்தது.

சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் வந்தது அதற்கும் அப்புறம்தான். யார்டு கொடுத்த மதிப்பீடு: பக்கவாட்டு வேலை 4,600, கம்பிகள் 1,700, சுக்கான் 2,900. மொத்தம் 9,200 டாலர். ஒரே புயலாக இருந்திருந்தால் 5,200 கிடைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு புயலும் தனி நிகழ்வு, தனி டிடக்டிபிள். அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

சர்வேயர் கம்பிகளை மில்டன் கணக்கில் எழுதியிருந்தார். படகு சாய்ந்து பக்கத்துத் தூணில் மோதி வளைந்திருக்கும் என்பது அவர் ஊகம். அப்படிப் பார்த்தால் இரண்டு புயலுக்கும் தலா 4,600. 4,000 கழித்து தலா 600, மொத்தம் 1,200. கம்பிகள் ஹெலீன் கணக்கில் வந்தால் ஹெலீனுக்கு 6,300, கையில் 2,300. மில்டனுக்கு ஒன்றும் வராது, ஆனாலும் எனக்கு 1,100 டாலர் கூடுதல்.

செப்டம்பர் 27 படங்களை எடுத்து அனுப்பினேன். வளைந்த கம்பியின் அடியில் நாடா, பின்னால் உடையாத சுக்கான், கோப்பில் தேதியும் நேரமும். நான்கு நாளில் திருத்திய அறிக்கை வந்தது. சர்வேயர் நேர்மையானவர்தான். இரண்டு சேதத்தையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு எது எப்போது நடந்தது என்று எப்படித் தெரியும்?

பாய், துணிக் கூரை போன்றவற்றுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். நான் முன்பே கழற்றி வீட்டில் வைத்திருந்ததால் அந்தப் பேச்சு எழவில்லை. புயலுக்கு முன் படகைக் கரையேற்றும் செலவில் பாதியை என் பாலிசி தரும், அதற்கு டிடக்டிபிள் கிடையாது என்பதையும் இந்த அலைச்சலில்தான் படித்தேன்.

புதுப்பிக்கும்போது 5 சதவீதத்துக்கு மாறிவிட்டேன், பிரீமியம் கூடினாலும். புயல் பருவம் ஜூன் 1 தொடங்குகிறது; மே கடைசி வாரத்திலேயே நாடாவோடு போய் இடது பக்கம், வலது பக்கம், சுக்கான், ஒவ்வொரு கம்பி என்று படம் எடுத்து வைத்துவிட்டேன். யார்டிலும் கரையேற்ற ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.