ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

விராலிமலை தாண்டி லாரி இடித்ததில், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதமாகியும் சீழ் நிற்கவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "செத்துப்போன எலும்பை வெட்டி எடுத்தால்தான் சீழ் நிற்கும், 6 சென்டிமீட்டர் போகும்" என்றார். என் கட்டைவிரல் நீளம். அத்தை புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். உடைந்ததைக் கட்டலாம், இல்லாத எலும்பை எப்படிக் கட்டுவது?

இலிசரோவ் முறை செய்தார்கள். சைபீரியாவின் குர்கான் நகரத்து டாக்டர் கண்டுபிடித்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற ப்ரூமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டு, பிறகு இவரிடம்தான் போனாராம். படுக்கையில் இதைப் படித்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது.

காலைச் சுற்றி வளையங்கள், எலும்பை ஊடுருவும் மெல்லிய கம்பிகள். முழங்காலுக்குக் கீழே நல்ல எலும்பில் வெட்டு போட்டு, அந்தத் துண்டை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பின்னால் விடும் இடத்தில் புது எலும்பு வளரும். ஒரு வாரம் சும்மா விட்டார்கள். அப்புறம் ஸ்பேனர் என் கையில். பைக்குக்கு வைத்திருந்த அதே 10-ஆம் நம்பர்!

6 மணிக்கு ஒருமுறை, 12 மணிக்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும். கீழ் நட்டைத் தளர்த்தி, மேல் நட்டைக் கால் சுற்று. கால் சுற்றுக்கு கால் மில்லிமீட்டர். எங்கே நிறுத்தினோம் என்று தெரிய, மனைவி நட்டில் நெயில்பாலிஷ் புள்ளி வைத்தாள். நள்ளிரவுச் சுற்றுதான் கொடுமை. கம்பி தோலை இழுக்கும், தூக்கம் போய்விடும். அறுபது நாள் இப்படி.

துண்டு கீழே போய்ச் சேர்ந்தும் தானாக ஒட்டவில்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்தார்கள், இன்னொரு ஆபரேஷன். புது எலும்பு இறுகி வளையத்தைக் கழற்ற, சென்டிமீட்டருக்கு ஒன்றரை மாதம் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருந்தார். எனக்குப் பத்து மாதம் பிடித்தது. சிகரெட்டை விடச் சொன்னதையும் நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்டேன், அது என் தப்பு. பேன்ட் நுழையாது, பத்து மாதமும் லுங்கிதான். பாதம் கீழ்நோக்கி மடங்கிவிடாமல் இருக்க ரப்பர் பட்டை போட்டுத் தினமும் மேலே இழுப்பேன்.

வளையத்தைக் கழற்றிய பிறகு பார்த்தால் இடது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை. செருப்புத் தைக்கும் அண்ணன் அடியில் ஒரு ரப்பர் அடுக்கு ஒட்டிக் கொடுத்தார்.