மல்காவுக்குள் எத்தனை: நாட்குறிப்பு, 2018

ஜூலை 3, ப்ரோக்கன் ஹில், ஆஸ்திரேலியா
காற்று. கங்காரு எண்ணும் விமானம் இன்று பறக்கவில்லை.

ஜூலை 5
சூரியன் உதித்து மூன்று மணி நேரம், மறைவதற்கு முன் மூன்று மணி நேரம். கங்காரு எண்ண இவ்வளவுதான் கிடைக்கும். 250 அடி உயரத்தில், மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறோம். இறக்கையைத் தாங்கும் கம்பியில் அடையாளக் கோடுகள் இருக்கின்றன. எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே விலங்கு தெரிகிறதோ, அது அவ்வளவு தூரம். சிவப்பு இரண்டு, சாம்பல் ஐந்து என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சாம்பல் கங்காருவில் கிழக்கு இனமா மேற்கு இனமா என்று மேலிருந்து தெரியாது. தனியாக எடுத்த விகிதத்தை வைத்துப் பிற்பாடு பிரிக்கிறோம். வெட்டவெளியில் எல்லாம் கண்ணுக்குப் பளிச்சென்று பட்டன. ஆனால் மல்கா மரக்கூட்டத்துக்குள்?

ஜூலை 6
மல்காவுக்குள் எத்தனை?

ஜூலை 12
விலங்கியலாளர் கிரேம் காவ்லி 1974-இலேயே இதை எழுதிவிட்டார். வேகம் கூடினால், உயரம் கூடினால், பார்க்கும் பட்டை அகலமானால், கண் தவறவிடுவதும் கூடும். தவறவிடாத ஆள் கிடையாது. எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்தால் போதும். தூரம் கூடக்கூட எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்பதை வைத்து அதைக் கணக்கிடுகிறோம். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தவுடன் மட்டும் வயிறு கலங்குகிறது.

ஜூலை 20
ஊருக்கு வெளியே, குளிர்ப்பெட்டி பக்கத்தில், இறைச்சிக்காகக் கங்காரு சுடும் ஒரு வேட்டைக்காரரைப் பார்த்தேன். இரவு முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார். கம்பிச் சட்டத்தில் தொங்கிய ஒவ்வொரு கங்காருவிலும் எண் போட்ட பிளாஸ்டிக் டேக். ஒருமுறை பூட்டினால் அறுக்காமல் வராது. தலையில் ஒரே குண்டு. வேறெங்கே பட்டிருந்தாலும் வாங்கமாட்டார்கள். பெட்டைகளைப் பற்றிக் கேட்டேன். பைகள் காலியாக இருக்கின்றன, இந்த வருடம் குட்டியைப் பார்ப்பதே அபூர்வம் என்றார். வறட்சி நீண்டால் செங்கங்காரு இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடும். விமானத்திலிருந்து இது தெரியாது. எங்கள் தாளில் பெட்டையும் ஒன்று, கிடாவும் ஒன்று.

ஆகஸ்ட் 8
நியூ சவுத் வேல்ஸ் முழுவதும், நூற்றுக்கு நூறு, வறட்சி என்று அறிவித்துவிட்டார்கள். கூடவே பண்ணைக்காரர்கள் கங்காரு சுடுவதற்கான விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சாவுக்கு டேக் வேண்டாம். உடல் கிடந்த இடத்திலேயே அழுகும்.

பண்ணைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விலைக்கு வாங்கிய வைக்கோலை ஆட்டுக்குப் போடும்போது வேலியோரம் நாற்பது கங்காரு வந்து நின்றால் யாருக்கும் மனம் கசக்கும். ஆனால் வியாபாரத்துக்குச் சுடுபவர் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்கி வருகிறார். ஒவ்வொரு உடலும் பதிவாகிறது. இங்கே சுட்டது யார், எப்படிச் சுட்டார், காயத்தோடு ஓடியது எத்தனை, யாருக்குத் தெரியும்? எண்ணிச் சுடுவதற்குத்தான் எங்கள் மேல் அத்தனை கேள்வி. எண்ணாமல் சுடுவதைக் கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 9
தூக்கமே இல்லை.

செப்டம்பர் 14
பறப்பு முடிந்தது. இனி கணினிதான். அகிலா சொல்கிறாள், தூக்கத்தில் "சாம்பல் நாலு" என்றேனாம்.

அக்டோபர் 9
எண்ணியதில் வியாபாரத்துக்குச் சுட அனுமதிக்கும் பங்கு: சிவப்புக்கு 17 விழுக்காடு, மற்றவற்றுக்கு 15. இந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல வருடங்களில் கூட்டம் இதைத் தாங்கும். பல பத்தாண்டுகளாகத் தாங்கியும் வந்திருக்கிறது. என் கவலை காலத்தைப் பற்றியது. குளிர்காலத்தில் எண்ணியதை வைத்து அடுத்த வருடம் முழுவதற்கும் கோட்டா போடுகிறோம். நூறு இருந்தால் பதினைந்து. நடுவில் மழை ஏமாற்றி நாற்பது செத்துவிட்டால் மிச்சம் அறுபது. அதே பதினைந்து இப்போது 25 விழுக்காடு. இது கற்பனை இல்லை. 1982-83 வறட்சியில் ஒரே வருடத்தில் ஏறக்குறைய அவ்வளவு செத்திருக்கின்றன.

எண்ணிக்கை நீண்டகாலச் சராசரிக்கு மிகவும் கீழே போனால் விகிதத்தைக் குறைக்க வேண்டும், இன்னும் இறங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அதுவும் அடுத்த எண்ணிக்கை வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

அக்டோபர் 17
அலுவலகக் கூட்டம். கோட்டா ஒருநாளும் தீர்வதில்லையே, பாதிகூடச் சுடுவதில்லையே, பிறகு என்ன பயம் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீராததற்குக் காரணம் சந்தை! 2009-இல் ரஷ்யா இறைச்சி வாங்குவதை நிறுத்தியது, 2016-இல் கலிஃபோர்னியாவில் கங்காருப் பொருள்களுக்குத் தடை திரும்ப வந்தது. நாளைக்குப் புதிதாக ஒரு நாடு வாங்க ஆரம்பித்தால்? இன்னொருவனுக்குப் பசி இல்லை என்பதை நம்பி நாம் பாதுகாப்பு என்று எழுத முடியுமா? கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார்கள்.

அக்டோபர் 18
இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 6
டிபூபர்ரா சாலையில் வேலியோரம் செத்துக் கிடந்தவற்றை வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பெரும்பாலும் இளசுகள். ஒன்றின் முன்பற்களில் செம்மண் அப்பியிருந்தது. வேரைத் தோண்டித் தின்றிருக்கிறது. ஒன்றிலும் குண்டுக் காயம் இல்லை. இவை நாங்கள் எண்ணியவற்றில் இருந்தவைதானே.

நவம்பர் 21
வானம் இருட்டியது. நாலு துளி. அவ்வளவுதான்.

டிசம்பர் 18
மெனிண்டியில் டார்லிங் ஆறு முழுக்கச் செத்த மீன். அகிலா படத்தைக் காட்டினாள், பார்க்க முடியவில்லை.

டிசம்பர் 20
2019 கோட்டா முடிவாகிவிட்டது. ஜனவரி முதல் அதை வைத்துத்தான் டேக். இடையில் ஒரு தரம், மார்ச்சிலாவது, டிபூபர்ரா வட்டத்தை மட்டும் பறந்து பார்க்க விமானம் கேட்டு எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை விழுந்திருந்தால் வருட நடுவிலேயே குறைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். செலவுக் கணக்கு அனுப்பச் சொல்கிறார்கள். எரிபொருள், பைலட், எண்ணும் ஆட்கள்.