உப்புக்காற்றுக்கு நடுவே மெக்கானிக் ஆனேன்

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்டத்து அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கரையேற்றிய விசைப்படகுகளின் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவன் நான். டீசல் எஞ்சினில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

முதலில் கையில் கொடுத்ததோ ஓர் அரமும் இரும்புத் துண்டும்தான். அதை ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சமமாக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளித்ததைத் தவிர அப்போது வேறொன்றும் விளங்கவில்லை. பின்னர், சிலிண்டரின் தேய்மானத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளிலும் அளக்கச் சொன்னார்கள். பிஸ்டன் ரிங் போய்த் திரும்பும் மேல்முனையில்தான் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெய்ப் படலமும் குறைவு. ஆகவே தேய்வும் அங்கேதான் அதிகம் என்பதை, நானே எடுத்த அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். படகில் கைவாக்கில் முறுக்கிப் பழகிய நான், ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் இறுக்கிவிட்டு, இடையில் அடைப்பாக வைக்கும் கேஸ்கட் கசிந்ததும் விழித்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும் என்று சொன்ன பயிற்றுநர், திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கழற்றச் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

பொறியியல் வரைபடப் பாடத்தை மட்டும் அலட்சியமாக விட்டேன். ஸ்பேனர் பிடிப்பவனுக்குப் பென்சில் எதற்கு என்பது அன்றைய எண்ணம். எப்படியோ தேர்ச்சி பெற்று, தேசியத் தொழிற்சான்றிதழும் கைக்கு வந்தது.

அதன்பின் மண்டபம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள், ஐஸ் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றும் வண்டி ஒன்று, ஸ்டார்ட் ஆகவில்லை என்று கட்டி இழுத்து வரப்பட்டது. வேறெங்கோ பேட்டரியை மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் இறக்கிப் பார்த்திருந்தார்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் சரியாகவே இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் ஏறக்குறைய 2 வோல்ட் காட்டியது; மின்சாரம் திரும்பும் வழியில் எங்கோ தடை. பேட்டரியின் நெகட்டிவ்வை வண்டியின் சட்டமான சேஸோடு இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றி உறையைக் கீறினால், உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. ஒயரை மாற்றி, சேஸில் அது உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துரு ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவியதும் வண்டி ஒரே அடியில் கிளம்பியது.

“இந்த ஒரு ஒயருக்காகவா தம்பி புது பேட்டரி வாங்க வச்சாங்க?” என்று கேட்டார் வண்டிக்காரர். நான் என்ன சொல்வது? எங்கள் பட்டறையிலும் மீட்டரை எடுப்பதற்கு முன் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் அதிகம்.

2020 ஏப்ரலில் வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்ததிலிருந்து வண்டிகளில் சென்சார்களும் ஒயர்களும் பெருகிவிட்டன. வண்டியில் செருகிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் காட்டும் குறியீடு, கோளாறு எந்த மின்சுற்றில் என்பதைத்தான் சொல்லும். சென்சாரா, ஒயரா, துருப்பிடித்த கனெக்டரா என்பதை ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து நாம்தான் தேட வேண்டும். அதைப் படிப்பதில் இன்னும் தடுமாறுகிறேன். பரணில் போட்டிருந்த வரைபடப் பாடப் புத்தகத்தைப் போன வாரம் இறக்கி வைத்திருக்கிறேன்.