மாங்கூழ் சீசனுக்கு எத்தனை லைசென்ஸ் வேண்டும்?

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்கூழ் ஃபேக்டரிகள், கிரானைட் அலுவலகங்கள், பர்கூர் ஜவுளிக் கடைகள் என்று கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கே போனாலும் முதலாளிகள் கேட்பது ஒன்றுதான், "எம்எஸ் ஆபீஸ் எத்தனை லைசென்ஸ் எடுக்கணும் தம்பி?" எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறதோ அத்தனை வாங்கிவிடுவதுதான் வழக்கம். கம்ப்யூட்டரை எண்ணுவதற்கு முன்னால், அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் எந்த மென்பொருளை யார் திறக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

ஒரு ஃபேக்டரியின் எடைமேடை அறையைச் சொல்கிறேன். தோத்தாபுரி மாங்காய் லோடு வந்து நின்றதும் வண்டி நம்பர், விவசாயி பெயர், லோடோடு எடை, காலி வண்டி எடை, கழிவு எல்லாவற்றையும் ஒரு ஃபார்மில் அடித்து ரசீது எடுப்பார்கள். அந்த ஃபார்ம், ஆபீஸ் தொகுப்பில் வரும் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் செய்தது. ஆக்சஸ் வேண்டும் என்பதற்காகவே எடைமேடை, கேட், குடோன் மூன்று இடத்துக்கும் முழு ஆபீஸ் தொகுப்பு எடுப்பதாக இருந்தார்கள். ஆனால் ஃபார்மை வடிவமைக்கிறவர் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர்தான், மற்றவர்கள் விவரத்தை அடிப்பதோடு சரி. அடிப்பதற்கு மட்டும் என்றால் ஆக்சஸ் ரன்டைம் போதும், அதை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. அக்காவுக்கு மட்டும் முழுத் தொகுப்பு, மற்ற மூன்று இடத்துக்கும் ரன்டைம். மூன்று லைசென்ஸ் பணம் மிச்சம்.

"அப்போ ஒரு தொகுப்பை வாங்கி வேர்டை ஒரு மெஷினிலும் எக்செலை இன்னொரு மெஷினிலும் போட்டுக்கலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. தொகுப்பு என்பது மொத்தமாக ஒரே லைசென்ஸ், பிரித்துப் பங்கு போட முடியாது. இன்ஸ்டால் செய்யும்போது வேண்டாத மென்பொருளை விலக்கிவிடலாம்தான், அப்படி விலக்கியதால் அது இன்னொரு மெஷினுக்குச் சேர்ந்துவிடாது.

எண்ணிக்கைக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நெட்வொர்க்கில் உள்ள மென்பொருளைக் கணக்கெடுக்கும் கருவிகள் சில நேரம் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், அவுட்லுக் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் காட்டும், கூடவே தொகுப்பின் பெயரையும் ஒரு வரியாகக் காட்டும். எல்லா வரியையும் கூட்டினால் ஐந்து மடங்கு வரும். அதனால் நான் வைத்திருக்கும் எக்செல் ஷீட்டில் தொகுப்பு எது, அதில் அடங்கிய மென்பொருள் எது என்று இரண்டு தனி நெடுவரிசை உண்டு. வரைபடம் போடும் விசியோவும் வேலைத் திட்டம் போடும் புராஜெக்டும் ஆபீஸ் குடும்பம் என்று பலர் நினைத்தாலும், கம்ப்யூட்டரில் போடும் பதிப்பைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதனால் அதற்குத் தனி வரி.

எங்கள் ஊர்ப் பக்கம் உண்மையில் பணம் போவது சீசன் ஆட்களுக்கு. மே முதல் ஜூலை வரை கொள்முதல், தரக்கட்டுப்பாடு, டிஸ்பாட்ச் என்று கூடுதலாக ஆட்கள் வருவார்கள், அப்புறம் போய்விடுவார்கள். ஆபீஸைச் சந்தாவாகத் தரும் மைக்ரோசாஃப்ட் 365ஐ வருடத் திட்டத்தில் எடுத்தால் முதல் ஏழு நாளுக்குள்தான் எண்ணிக்கையைக் குறைக்க முடியும், அதன் பிறகு வருடம் முடியும்வரை கட்டியே ஆக வேண்டும். மாதத் திட்டம் சுமார் 20 சதவீதம் விலை கூடுதல், ஆனால் மூன்று மாதத்தில் நிறுத்தலாம். ஒரு ஃபேக்டரியில் டீலர் இதைச் சொல்லாமல் எல்லோருக்கும் வருடத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார், ஆகஸ்டில் இருந்து ஆள் இல்லாத கணக்குகளுக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது. நிரந்தர ஆட்களுக்கு வருடத் திட்டம், சீசன் ஆட்களுக்கு மாதத் திட்டம் என்று பிரித்து எடுங்கள். அதிலும் மெயில் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் 365இல் பிசினஸ் பேசிக் என்ற திட்டம் போதும். பிரவுசரிலும் மொபைலிலும் வேர்டு, எக்செலும் அதிலேயே கிடைக்கும். மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர் மாறி மாறி உட்காரும் ஓசூர் யூனிட்டுகளில் கணக்கு வேறு, அங்கே ஆளுக்கொரு லைசென்ஸ் எடுப்பதைவிட மெஷினுக்கு ஒன்று என்று வரும் ஆபீஸ் எல்டிஎஸ்சி பதிப்பு கட்டுப்படியாகிறதா என்று விலை கேட்டுப் பாருங்கள்.

சீசன் ஆள் போனதும் லைசென்ஸை உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அவருடைய மெயில்பாக்ஸ் 30 நாள்தான் இருக்கும். முதலில் அதைப் பலர் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிவிட்டு, பிறகு லைசென்ஸை எடுங்கள். 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே இருக்கும். விவசாயிக்கு விலை சொன்ன மெயில், வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய தர அறிக்கை எல்லாம் அதில்தான் இருக்கிறது, தகராறு வரும்போது தேடுவார்கள்.

லேப்டாப்போடு வந்த ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பை அலுவலகத்தில் ஓட்டுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனாலும் அது வீட்டு உபயோகத்துக்கு, தொழிலுக்கு அதில் அனுமதி இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் "லைஃப்டைம் கீ" அதைவிட ஆபத்து, பெரும்பாலும் வேறு ஏதோ நிறுவனம் தன் மெஷின்களுக்கு மொத்தமாக எடுத்த கீயாக இருக்கும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வேர்டும் எக்செலும் சாதாரணமாகத் தேவைப்படும் மேசைக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று, தொகுப்பில் இருக்கும் மென்பொருள் நிரந்தரம் இல்லை. 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கு ஆதரவு முடிகிறது, அதன் பிறகு 365 தொகுப்பில் அது இருக்காது. இங்கே பல ஃபேக்டரிகளில் கேட் பாஸ், டின் லேபிள், நோட்டீஸ் எல்லாம் பப்ளிஷரில் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ஃபைல்களை 365 திறக்காமல் போவதற்கு முன்னால் பிடிஎஃப்பாக மாற்றி வையுங்கள், திருத்த வேண்டியதை வேர்டில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். ஆபீஸ் 2021க்கும் ஆதரவு அதே மாதம் 13ஆம் தேதியோடு முடிகிறது, அதனால் இரண்டையும் ஒரே பட்ஜெட்டில் பேசி முடிப்பது நல்லது.